பிரிசெய்தாவின் கால் அளவு

தீவுக்காரர்கள் குடியேறிய கோஸ்குனாவிலிருந்து பட்டணத்துக்குக் கிளம்பிய பேருந்து பாலத்தின் மேல் வந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு ரேடியோவைத் திருக ஆரம்பித்தான் என்றால் இப்போதைக்கு நகராது என்று அர்த்தம். பிரிசெய்தா கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள். வியாழக்கிழமை, சந்தையின் முதல் நாள். ஞாயிறுவரை இன்னும் மூன்று நாள் இதே கம்பி, இதே பாலம். ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கு இடம் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, பாதிப்பேர் நின்றுகொண்டே தூங்கினார்கள்.

கீழே கால்வாயின் வாயில் வெள்ளைக் கப்பல் ஒன்று நின்றிருந்தது, பத்துப் பன்னிரண்டு மாடி இருக்கும்.

"அம்மாடி, எத்தனை பேரு எறங்குவான் இன்னிக்கு! ஒங்களுக்கெல்லாம் இன்னிக்கு வேட்டைதான்," என்றான் பக்கத்தில் நின்ற ஆள், அவளுடைய சிவப்பு முக்காட்டையும் மூக்குப் புல்லாக்கையும் பார்த்துவிட்டு.

பிரிசெய்தா தலையை ஆட்டினாள். இறங்குகிறவன் ஒவ்வொருவனுக்கும் இரண்டு கால் இருக்கும் என்பதுதான் அவளுக்குத் தோன்றியது. அத்தனை காலுக்கும் குனிய வேண்டும்.

வினி விற்பவளின் பாடு குனிவதுதான். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போக அது கொலுசா என்ன? ஒரே நூல், அதில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக ஆயிரக்கணக்கான பொடிமணி. சும்மா தொங்கும்போது பார்த்தால் ஒரு கிறுக்கன் கைக்கு வந்ததையெல்லாம் கோத்த மாதிரி இருக்கும். கணுக்காலுக்கு மேல் வைத்து, ஒரு சுற்றோடு ஒரு சுற்றை ஒட்டி, இழுத்துச் சுற்றிக்கொண்டே போனால்தான் கட்டமும் படிக்கட்டுமாகச் சித்திரம் எழும். அதுவும் எந்தக் காலுக்கு எண்ணிக் கோத்தார்களோ அந்தக் காலில்தான். சுற்றுக்கு நாலு மணி கூடினாலோ குறைந்தாலோ சித்திரம் குலைந்து வெறும் மணி ஆகிவிடும்.

கோப்பவன் அவளுடைய தம்பி அனேலியோ. ஆணாகப் பிறந்தவன்; ஏழு வயதில் தூண்டிலைப் போட்டுவிட்டு ஊசியை எடுத்தவன். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனுக்கும் ஒரு பாயைப் பெண்கள் பக்கம் விரித்தாள், அவ்வளவுதான் நடந்தது. எங்கள் தீவுகளில் வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் உண்டு, யாரும் கழுத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். பிரிசெய்தா பெரியவளான நாளிலிருந்து அவள் காலுக்குக் கோப்பவன் அவன்தான். நண்டுக்கால் சித்திரம், மஞ்சள் தரையில் சிவப்பு நண்டு, ஓரத்தில் கறுப்பு. அதை வேறு யாருக்கும் அவன் கோத்ததில்லை. கணுக்காலில் முதல் சுற்றுக்கு நூற்று நாலு மணி. முதல் சுற்று முடிகிற இடத்தில் அடையாளத்துக்கு ஒரு வெள்ளை மணி வைப்பது அவன் வழக்கம். முப்பத்தெட்டு வருஷமாக அந்த எண்ணிக்கை மாறவில்லை. இடையில் கல்யாணம், ஒரு பிள்ளைப்பேறு, பட்டணத்துக்குக் குடிவந்தது, புருஷன் வேறொருத்தியோடு போனது, எல்லாம் ஆயிற்று. கால் மட்டும் நூற்று நாலிலேயே நின்றது.

அது மாறியது போன டிசம்பரில். எங்களுக்கு டிசம்பர் எட்டில் வரும் அன்னையர் தினம் கழிந்து ஒரு வாரம் இருக்கும், இரண்டு காலிலும் நூல் சதையை அறுக்க ஆரம்பித்தது. விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து, அது நிரம்ப நேரம் எடுத்தது. ஒருநாள் விடிகாலை குளியலறையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வினியை அவிழ்த்து, தளர்த்தித் தானே திரும்பச் சுற்றிக்கொண்டாள். அவ்வளவு அழகான நண்டுகள் கால் ஒரு பக்கம் கொடுக்கு ஒரு பக்கமாகச் சிதறிப் போயின. அன்றிலிருந்து முழங்காலுக்குக் கீழே நிற்க வேண்டிய சுற்றுப்பாவாடையைக் கணுக்கால்வரை இறக்கிக் கட்டத் தொடங்கினாள். கேட்டால், கொசு என்றாள்.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஜனவரியிலேயே சொல்லிவிட்டாள். சிறுநீரகம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, மூணு வாரம் படுக்க வைப்பார்கள், இப்போதே போனால் சரிப்படுத்தலாம், தள்ளிப் போட்டால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. சீட்டை எழுதியும் கொடுத்தாள். அந்தச் சீட்டு ரவிக்கையில் வைத்துத் தைத்த மோலா என்னும் சித்திரத் துணியின் மடிப்பில் இரண்டு மாதமாக வேர்த்துக்கொண்டிருந்தது.

சந்தை என்பது கடற்சுவர் நடைபாதையில் காகிதப்பூப் பந்தலுக்குக் கீழே முப்பத்தோரு மேசை. விற்கிற பெண்களின் கூட்டமைப்புச் சட்டம் எளிமையானது: தொடர்ந்து இரண்டு வாரம் மேசை காலியாக இருந்தால் அடுத்து காத்திருப்பவளுக்குப் போய்விடும். வீட்டு ஆள் யாராவது உட்கார்ந்தால் போகாது. பிரிசெய்தாவின் வீட்டு ஆள் அனேலியோ ஒருவன்தான். மகள் தொலைவில் சிரிக்கியில் வாழைத் தோட்டத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, கைக்குழந்தையோடு கிடக்கிறாள். அனேலியோவோ ஒன்பது வருஷமாகச் சந்தைக்கு வருவதில்லை. கடைசியாக வந்த அன்று பட்டணத்துப் பையன்கள் நாலைந்து பேர், அவன் விரல் மடங்குகிற தினுசைப் பார்த்து, அவனை மாதிரியே நெளிந்து காட்டிப் படம் பிடித்தார்கள். ஆரஞ்சுத் தோலை எறிந்தார்கள். கப்பல்காரர்கள் ஏதோ வேடிக்கை என்று கைதட்டினார்கள். அவன் ஊசியில் பாதி ஏறிய மணியோடு எழுந்து நடந்தவன்தான். அவனிடம் போய், "நீ உட்காரு" என்று எந்த வாயால் கேட்பது? அதைவிடக் கால் வீங்கட்டும் என்று இருந்துவிட்டாள். கப்பல் வருகிற பருவம் ஏப்ரலில் முடியும். அதுவரை உடம்பு தாங்கினால் போதும் என்பது அவள் கணக்கு. உடம்புக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டுமே.

எட்டேகாலுக்கு வந்து மேசையை விரித்தாள். பக்கத்து மேசை ரொகெலியா ஏற்கெனவே மோலாக்களைத் தொங்கவிட்டு, காப்பியும் குடித்துவிட்டு, வம்புக்குத் தயாராக இருந்தாள்.

"வாங்க மகாராணி. பல்லக்கு லேட்டாயிருச்சா?"

"பாலத்துல மாட்டிக்கிச்சு."

"பாலம் எனக்கும்தான் இருக்கு. பாவாடை ஏன் தெருவைக் கூட்டுது? வயசாக ஆக கீழ எறங்குது. அடுத்த வருஷம் பின்னால ஒரு ஆளு தூக்கிட்டு வரணும்."

"கொசு, ரொகெலியா."

"ஆமா, ஒன் காலைத் தேடித்தான் கொசு வருது. எங்க காலுல சர்க்கரை இல்ல பாரு."

பிரிசெய்தா சரங்கள் இருந்த தகர டப்பாவைத் திறந்து வைத்தாள். ரொகெலியாவின் மருமகள் இந்த வரிசையில் ஒரு மேசைக்காக ஒன்றரை வருஷமாகக் காத்திருக்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அவள் எதைக் கேட்டாலும் பிரிசெய்தாவுக்கு மேசையைக் கேட்கிற மாதிரியே இருந்தது.

பதினொரு மணிக்குள் ஏழு கால் சுற்றிவிட்டாள். முழுக்கால் வினி போட்டுக்கொள்ள யாருக்கும் பொறுமை இல்லை; கணுக்காலில் ஐந்து சுற்று, ஆறு சுற்று, பன்னிரண்டு டாலர், ஒரு படம், போய்விடுவார்கள். ஒருத்தி கால் கூசி, சிரித்து, உதைத்தாள். ஒருவன் தன் நாய்க்கு வேண்டும் என்றான். பிரிசெய்தா நாய்க்கும் சுற்றினாள். அந்த நாய்தான் ஆடாமல் நின்றது. ஒவ்வொரு தடவை எழும்போதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண் இருட்டுவது நிற்கிறவரை கடலைப் பார்ப்பது போல் பாவனை செய்தாள்.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தாள். பக்கத்து நாட்டுக் கார்த்தஹேனாக்காரி, குரல் முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தாள். நல்ல உயரம், நல்ல பருமன், மஞ்சள் கவுன். முக்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிப் பிரிசெய்தாவின் மடியிலேயே வைத்துவிட்டாள்.

"செல்லம், எனக்கு முழுசா வேணும். கணுக்கால்லேருந்து ஆடுசதை வரைக்கும். அஞ்சு சுத்து பத்து சுத்துன்னு ஏமாத்தாத. சனிக்கிழமை எம் மக கல்யாணம். ஆடுறப்ப எல்லாரும் எங் காலைத்தான் பாக்கணும், பொண்ணை இல்ல."

பிரிசெய்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முழுக்கால் வினி அறுபது டாலர். அந்தக் காலைச் சுற்றி விரலை வைத்துப் பார்த்தாள். தகர டப்பாவில் இருந்த சரங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். நூறு, நூற்று ஆறு, நூற்று எட்டு. எதுவும் பத்தவில்லை.

"என்ன செல்லம், எங் காலுக்கு ஒங்க ஊருல மணி பத்தலையா?"

"இருங்கம்மா, இருக்கும்."

பையை எடுத்து அடிவரை துழாவினாள். காலையில் பையைக் கட்டுவது எப்போதும் அனேலியோதான். அடியில், மழைத்தாளுக்கும் கீழே, பழைய முக்காட்டுத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் கைக்குத் தட்டுப்பட்டது. புதுச் சரக்கு வைத்தால் சொல்ல மாட்டானா இவன் என்று நொந்துகொண்டே மேலே இருந்த சரத்தை உருவினாள். காலில் வைத்துப் பார்த்தாள். வெள்ளை மணி சரியாக முதல் சுற்றின் முடிவில் வந்து உட்கார்ந்தது.

"பாத்தீங்களா, இருக்குன்னேன்ல."

சுற்ற ஆரம்பித்தாள். விரல் தானாக ஓடியது, யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. மஞ்சள் தரை. ஐந்தாவது சுற்றில் சிவப்பு இரண்டு பக்கமும் விரிந்தது. எட்டாவதில் கொடுக்கு மடங்கியது. பத்தாவது சுற்றில், அந்த அந்நியக் காலில், ஒரு முழு நண்டு அசங்காமல் உட்கார்ந்திருந்தது.

பிரிசெய்தாவின் கை நின்றது.

"நிறுத்தாத செல்லம், என்ன அழகு! எனக்குன்னே எண்ணிக் கோத்த மாதிரி இருக்கே!"

சுற்றாதவரை எந்தச் சரமும் யாருடையது என்று தெரியாது; எத்தனை வருஷம் கைப்பழக்கம் இருந்தாலும் தெரியாது. இந்த வேலையின் குணம் அப்படி. ஆனால் நண்டுக்கால் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டுமே கோக்கிற சித்திரம், அவளுடையதல்லாத ஒரு காலில், ஒரு மணி பிசகாமல். நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளி முதல் சுற்றை எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு. யாருடைய கால் நூற்றுப் பதினெட்டு? திரும்பவும் எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் விளங்கிவிட்டது. வெட்கம் பாதி, வேறென்னவோ பாதியாக வந்தது. மூன்று மாதமாகக் கொசு, கொசு என்று யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்?

"அம்மா, மன்னிச்சிருங்க. இது விக்கிறதுக்கில்ல."

"எங் காலுல இருக்கு, விக்கிறதுக்கில்லையா? விலையை ஏத்துறியா? சரி, எண்பது. நூறு வெச்சுக்க!"

ரொகெலியா தன் மேசையை விட்டு எட்டிப் பார்த்தாள். "நூறு டாலரும்மா. குடுத்துத் தொலையேன்."

"இது எங் காலுக்குக் கோத்தது."

"ஒங் காலா?" கார்த்தஹேனாக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒடிச்சா ரெண்டா விழுவ போல இருக்க. எங் கால் தடிமனும் ஒங் கால் தடிமனும் ஒண்ணா?"

பிரிசெய்தாவுக்கு விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை. பாவாடையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். பட்டப்பகலில், காகிதப்பூப் பந்தலுக்குக் கீழே, முப்பத்தோரு மேசைக்கும் தெரிகிற மாதிரி. சிதறிப் போன நண்டுகளும் அவற்றுக்கு மேலும் கீழும் பிதுங்கிய பளபளப்பான தோலும் வெளியே வந்தன.

கார்த்தஹேனாக்காரி குனிந்து, பெருவிரலால் அந்தக் காலை லேசாக அமுக்கினாள். பள்ளம் விழுந்தது. எடுத்த பிறகும் நிரம்பவில்லை. பிறகு தன் காலை மடியிலிருந்து தானே இறக்கிக்கொண்டாள்.

"எங் கால் தின்னு தின்னு வளத்த காலு," என்றாள், குரல் இறங்கி. "ஒன்னோடது தண்ணி. அவுத்துரு செல்லம். அவுத்து எடுத்துக்க."

பத்துச் சுற்றையும் அவிழ்க்கிறவரை அந்த அம்மாள் காலை அசைக்கவில்லை. போகும்போது கைக்கு நூற்றாறில் ஒரு சின்ன வினி சுற்றச் சொல்லி, இருபது டாலரை மேசையில் வைத்துவிட்டு, மீதி கேட்காமல் நடந்தாள். கவுனின் மஞ்சள் வெகுதூரம்வரை தெரிந்தது.

"போன மாசம் கார்னவல் திருவிழாலேருந்தே எனக்குத் தெரியும்," என்றாள் ரொகெலியா.

"என்ன தெரியும்?"

"கொசு கடிச்சா சொறிவாங்க. நீ ஒருநாள் சொறிஞ்சு நான் பாக்கல."

"தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தியா? மேசை காலியாகட்டும்னு?"

ரொகெலியாவுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். தொங்கிய மோலா ஒன்றைத் தேவையில்லாமல் நேராக்கினாள். "எம் மருமகளுக்கு எடம் வேணும்னு நான் நெனைக்கிறது நெசம். அதுக்காக நீ செத்துக் காலி பண்ண எடத்துல அவ உக்காரணும்னு நான் எப்படி நெனைப்பேன்? போனை எடு. தம்பிகிட்டப் பேசு."

அனேலியோ முதல் மணியிலேயே எடுத்தான்.

"கையில கெடைச்சிருச்சா?" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"எப்ப அளந்த?"

"மொதல்ல டிசம்பர்ல. நீ வாயைப் பொளந்துகிட்டுத் தூங்குறப்ப. அப்புறம் மாசா மாசம். நூல்தானக்கா, ஒனக்கு உறைக்கவே இல்ல. நூத்தி எட்டு, நூத்திப் பதிமூணு. போன மாசம் பதினெட்டு."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடா?"

"எங்கிட்டச் சொல்றதுக்கு ஒனக்கென்ன? ரெண்டு மாசமா ரவிக்கையில சீட்டை வெச்சிருக்க. துவைக்கிறவன் நான்தான், ஞாபகம் இருக்கட்டும். ஒவ்வொரு வாரமும் எடுத்துக் காய வெச்சு, திரும்ப அங்கயே வெக்கிறேன். எழுத்தெல்லாம் பாதி போயிருச்சு."

பிரிசெய்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பையில எதுக்கு ஒளிச்சு வெச்ச? கையில குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தா, காலு நல்லாத்தான் இருக்கு, கொண்டு போடான்னு வீசியிருப்ப. அடியில கெடக்கட்டும், என்னிக்காவது தடிச்ச காலா ஒண்ணு வரும், அன்னிக்குத் தேடுவன்னு வெச்சேன். மூணு வாரமாச்சு. இந்த ஊருக்கு ஒல்லியா ஒல்லியாவே வந்து தொலைக்கிறானுங்க. நாளைக்கு நீ ஆஸ்பத்திரிக்குப் போற. மேசையில நான் உக்கார்றேன்."

"நீயா? இங்கயா?"

"ஆமா."

"வேணாம் அனே. அந்தப் பயலுங்க இப்பவும்..."

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நாப்பத்தஞ்சு வயசாச்சு எனக்கு, கண்ணாடி வேற போட்டிருக்கேன். எத்தனை நாளைக்குச் சிரிப்பான்?" சொன்ன வேகத்தில் குரல் மெலிந்தது. பயம் போகவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "ரொம்பச் சிரிச்சான்னா ரொகெலியாக்காவை விட்டு ஏசச் சொல்லு."

"கேட்டுச்சு," என்றாள் ரொகெலியா, காதைத் தள்ளிக் கொண்டுவந்து. "அதெல்லாம் சும்மா விட மாட்டேன். வரச் சொல்லு."

"அக்கா, அந்தத் துணிக்குள்ள இன்னும் இருக்கு, பாத்தியா?"

"இன்னொரு காலுக்குத்தான?"

"அதுவும் இருக்கு. மத்ததும் இருக்கு. மத்ததெல்லாம் ஒத்தைக் காலுக்குத்தான், மணி தீந்துபோச்சு. பாரு. நான் வெக்கிறேன், அடுப்புல மீன் கெடக்கு."

பிரிசெய்தா முக்காலியில் உட்கார்ந்தாள். பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தாள். நூற்றுப் பதினெட்டுக்கு ஜோடிச் சரம் இருந்தது. அதற்கு அடியில் மூன்று ஒற்றைச் சரங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிச்சுப் போட்டு. எல்லாமே சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பார்வைக்கு எதுவும் தெரியாது. முதலாவதை எடுத்து வெள்ளை மணிவரை நகத்தால் தள்ளி எண்ணினாள். நூற்றுப் பதிமூன்று. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் கழிந்தால் அவ்வளவு இருக்கும் என்று நினைத்திருக்கிறான். இரண்டாவது நூற்று எட்டு.

யாரோ ஒரு கப்பல்காரன் வந்து மேசை முன்னால் நின்று, தன் காலைக் காட்டி ஏதோ கேட்டான். ரொகெலியா அவனைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். பிரிசெய்தா மூன்றாவது சரத்தை எடுத்தாள். அதை மட்டும் அவசரப்படாமல், ஒவ்வொரு மணியாகத் தொட்டு எண்ணினாள். நடுவில் தப்பிவிட்டது போல் இருந்தது, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நூற்று நாலு வந்தது.